போலீஸே பாட்காஸ்ட் போட்டா பழைய கேஸ் துலங்குமா?

மஞ்சூர்க்காரன் | ஜூன் 14, மாலை 6.05

வெளிநாட்டுல டிடெக்டிவ்களே மைக் முன்னாடி உக்காந்து, ஆறிப்போன கொலைக் கேஸைத் தொடர் மாதிரி சொல்லி, துப்பு வாங்கறாங்க. நம்ம ஸ்டேஷன்கள்ல தூசி பிடிச்சுக் கிடக்கறதுக்கு ஏன் இதைச் செய்யக்கூடாது? நம்ம நீலகிரி மலையில மர்மச் சாவுக்கா பஞ்சம்? ஒரு மைக், ஒரு போன், அவ்வளவுதானே செலவு. உள்ளே வேலை பார்த்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

பழைய ரைட்டர் | ஜூன் 14, இரவு 10.20

உள்ளே இருந்தவன்தான். எஸ்எஸ்ஐ-யா (சிறப்பு உதவி ஆய்வாளர்) ரிட்டயர் ஆனேன், பாதி சர்வீஸ் வாக்குமூலம், ரெக்கார்டு எழுதற ஸ்டேஷன் ரைட்டர், முழுக்க நீலகிரி. எந்த ஸ்டேஷன்னு கேக்காதீங்க. பாட்காஸ்டும் கேக்கறவன்தான். மருமகள் போன்ல போட்டுக் கொடுத்தா, காலையில நடக்கும்போது காதுல மாட்டிக்கறேன்.

மைக்கும் போனும் ஒரு செலவே இல்ல தம்பி. மைக்குக்கு முன்னாடி எதை வைப்பீங்க? அங்கே ஒரு பழைய கேஸை எடுத்தா அன்னைக்குச் சாட்சி பேசின டேப் இருக்கு, சந்தேகப்பட்டவனை விசாரிச்ச டேப் இருக்கு, அவசர நம்பருக்குக் கூப்பிட்டு அழுத குரல் இருக்கு. இங்கே 1995-ம் வருஷத்து சிடி ஃபைலை, அதான் கேஸ் டைரியைப் பிரிச்சா என் கையெழுத்துதான் இருக்கும். அதை எவன் காது கொடுத்துக் கேப்பான்?

பழைய ரைட்டர் | ஜூன் 15, காலை 7.45

கையெழுத்துன்னு சொன்னதுக்கு ரெண்டு பேர் சிரிப்பு பொம்மை போட்டிருக்கீங்க. விஷயம் சிரிப்பு இல்ல.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 161-ம் பிரிவுல போலீஸ் எழுதின சாட்சி வாக்குமூலம் எப்படி இருக்கும்னு தெரியுமில்ல? "நான் மேற்படி விலாசத்தில் என் குடும்பத்துடன் வசித்து வருகிறேன். கூலி வேலை செய்து வருகிறேன். சம்பவத்தன்று…" படுகர் சொன்னாலும் இதேதான், எஸ்டேட் லயன் வீட்டு அம்மா சொன்னாலும் இதேதான், ஜார்க்கண்ட்ல இருந்து கொழுந்து எடுக்க வந்த, தமிழே தெரியாத பையன் சொன்னாலும் இதேதான்.

கீழ்க்கோத்தகிரி பக்கம் ஒரு இருளர் பெரியவர். ராத்திரி தோட்டத்து ஓரமா ரெண்டு பேர் போனதைப் பார்த்தவர். எத்தனை மணின்னு கேட்டா, "பன்னி கெழங்கு தோண்ட எறங்குற நேரம்"ங்கறார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் "சுமார் 19.30 மணியளவில்"னு எழுதினேன். அப்படித்தான் எழுதணும், எழுதலைன்னா ஃபைல் திரும்பி வரும். கோர்ட்ல எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "உங்ககிட்ட வாட்ச் இருந்துச்சா?" "இல்லீங்க சாமி." "பத்தொன்பது முப்பதுன்னா எத்தனை மணி?" பெரியவர் முழிச்சார். அதோட அந்தச் சாட்சி போச்சு. பன்னி எப்ப இறங்கும்னு அந்த ஊர்ல எந்தக் குழந்தையைக் கேட்டாலும் கால் மணி முன்னப்பின்ன சரியாச் சொல்லும். அவரை அவர் பாஷையிலேயே பேச விட்டிருந்தா அந்தக் கேள்விக்கே இடமில்ல.

பழைய ரைட்டர் | ஜூன் 15, இரவு 9.10

சாட்சி பேசறதைப் பதிவு பண்ணச் சட்டத்துல இடமே இல்லையான்னு கேட்ட, சட்டம் படிக்கிற தம்பிக்கு: இடம் இருக்கு. 2009 கடைசியில நடைமுறைக்கு வந்த திருத்தத்துலயே, 161(3)-ல வாக்குமூலத்தை ஆடியோ வீடியோவா எடுக்கலாம்னு சேர்த்தாங்க. எடுக்க"லாம்". எடுத்தவங்க எத்தனை பேர்னு நீங்களே யூகிச்சுக்கோங்க. 2024 ஜூலை 1-ல இருந்து அதுக்குப் பதிலா வந்த புதுச் சட்டம் பிஎன்எஸ்எஸ்-ல, சோதனை போட்டுப் பொருளைக் கைப்பற்றறதை 105-ம் பிரிவுப்படி வீடியோ எடுத்தே ஆகணும். ஆக, இன்னைக்கு நடக்கிற கேஸ் ஆறிப்போய் இருபது வருஷம் கழிச்சு யாராவது தூசி தட்டினா அவங்களுக்குக் கேக்க, பாக்க ஏதாவது இருக்கும். எனக்கு அப்ப என்ன வயசுன்னு கணக்குப் போடாதீங்க.

பழைய ரைட்டர் | ஜூன் 17, மாலை 4.30

மஞ்சூர்க்காரருக்கு ஒண்ணு. "டிடெக்டிவ்களே மைக் முன்னாடி"ங்கறீங்க. பேர் வாங்கின முக்கால்வாசி பாட்காஸ்ட் போலீஸ் போட்டது இல்ல. வெளி ஆள் போட்டது, போலீஸ் பின்னாடி வந்து பிடிச்சுக்கிட்டது.

நிஜமாவே போலீஸ் போட்டதுன்னா எனக்குத் தெரிஞ்சு கலிபோர்னியாவுல நியூபோர்ட் பீச். மனைவியைக் கொன்னதா 2012-ல கைதான ஒரு கோடீஸ்வரன், ஜாமீன்ல வந்து 2015-ல தலைமறைவு. 2018 செப்டம்பர்ல அந்த ஊர் போலீஸ் டிபார்ட்மென்டே தொடரா வெளியிட்டுச்சு. 2019 ஆகஸ்ட்ல மெக்சிகோவுல ஆள் பிடிபட்டான். அப்புறம் குற்றத்தை ஒத்துக்கிட்டான். ஆனா இதைக் கவனிங்க: அது யார் செஞ்சாங்கன்னு தெரியாத கேஸ் இல்ல. ஆள் யாருன்னு தெரியும், போட்டோ இருக்கு, எங்கேன்னுதான் தெரியாது. நம்ம பாஷையில சொன்னா, பிடிவாரண்ட் நிலுவை. அதுக்கு விளம்பரம் நல்லா வேலை செய்யும், சந்தேகமே இல்ல. பிக்பாக்கெட் போட்டோவை பஸ் ஸ்டாண்ட்ல ஒட்டறோமே, அதேதான், இவங்க ஆறு பாகமா ஒட்டியிருக்காங்க.

இன்னொண்ணு அதே கலிபோர்னியா, சான் லூயிஸ் ஒபிஸ்போ. 1996 மே மாசம் ஒரு காலேஜ் பொண்ணு ராத்திரி விருந்து முடிஞ்சு ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது காணாமப் போச்சு. கூட நடந்து வந்த பையன் மேல அப்பவே சந்தேகம். ஒண்ணும் நடக்கல. ரோட்டோரம் அந்தப் பொண்ணு படம் போட்ட காணவில்லை பலகை வருஷக்கணக்கா நின்னுட்டே இருந்துச்சு. அதைப் பார்த்துட்டுப் போய்க்கிட்டிருந்த ஒரு உள்ளூர்க்காரர், கிறிஸ் லாம்பர்ட்னு ஒரு பாட்டுக்காரர், நிருபர்கூட இல்ல, 2019-ல பாட்காஸ்ட் ஆரம்பிச்சார். அதுவரைக்கும் பேசாதவங்க அவர்கிட்ட பேசினாங்க. அவங்களை அவர் ஷெரீஃப் ஆபீசுக்கு, அதான் அங்கத்துப் போலீசுக்கு அனுப்பினார். 2021 ஏப்ரல்ல கைது, 2022 அக்டோபர்ல குற்றவாளின்னு தீர்ப்பு, அடுத்த மார்ச்ல 25 வருஷத்துல இருந்து ஆயுள் வரைக்கும் தண்டனை. உடல் கிடைக்காமலே.

இதுல எனக்குப் பிடிச்சது அந்தப் பாட்டுக்காரர்கிட்ட போனவங்கதான். ஷெரீஃப் ஆபீஸ் அதே ஊர்ல அத்தனை வருஷமும் இருந்துச்சு. அவங்க அங்கே போகல.

பழைய ரைட்டர் | ஜூன் 17, மாலை 4.52

ஒருத்தர் சீட்டுக்கட்டு பத்தி கேட்டிருக்கார். ஆமா, உண்மைதான். ஃப்ளோரிடாவுல போக் கவுண்டியில 2005-ல துலங்காத கேஸ்களோட போட்டோவை அச்சடிச்ச சீட்டுக்கட்டை ஜெயில்ல இருக்கறவங்களுக்குக் கொடுத்தாங்க. விளையாடும்போது எவனாவது பார்த்துட்டு வாய விடுவான்னு. விட்டிருக்காங்க. நம்ம ஊர்ல சீட்டு விளையாடினதுக்குத்தான் பாதிப் பேரைப் பிடிச்சு உள்ளே போடறோம்.

பழைய ரைட்டர் | ஜூன் 20, இரவு 11.30

சிட்னி கேஸ் பத்தி ரெண்டு பேர் எழுதியிருக்கீங்க, "அது பெரிய வெற்றி ஆச்சே"ன்னு. வெற்றிதான். ஆனா அதை முழுசா பாருங்க.

1982 ஜனவரியில ஒரு அம்மா காணாமப் போறாங்க, ரெண்டு குழந்தை வீட்டுல. புருஷன், அவ வீட்டை விட்டுப் போயிட்டாங்கறான். கொஞ்ச நாள்லயே தன்கிட்ட படிச்ச பொண்ணைக் கூட்டிட்டு வந்து அதே வீட்டுல வச்சுக்கறான். 2001, 2003, ரெண்டு தடவை மரண விசாரணை நடந்து ரெண்டு தடவையும் இவன் மேல கேஸ் போடலாம்னு சொல்லியும், அரசுத் தரப்பு சாட்சியம் பத்தாதுன்னு விட்டுடுச்சு. 2018-ல ஹெட்லி தாமஸ்ங்கற பத்திரிகைக்காரர் பாட்காஸ்ட் போட்டார். அந்த வருஷம் டிசம்பர்லயே கைது. 2022 ஆகஸ்ட்ல தீர்ப்பு, 24 வருஷம்.

நடுவுல நடந்ததையும் சொல்லணும். விசாரணை பாதிக்கும்னு 2019-ல ஆஸ்திரேலியாவுக்குள்ள அந்தப் பாட்காஸ்டைக் கேக்க முடியாம எடுத்துட்டாங்க. விசாரணையைக் கொஞ்ச காலம் நிறுத்தியே வச்சாங்க. கடைசியில ஜூரி, அதான் தீர்ப்புச் சொல்ற பொதுஜனம் பன்னெண்டு பேர், இல்லாம ஜட்ஜ் மட்டும் உக்காந்து கேட்டார். நாடு பூரா கதையைக் கேட்டு முடிச்சதுக்கப்புறம் பன்னெண்டு வெள்ளைத் தாளை எங்கே தேடறது?

நமக்குத்தான் ஜூரி கிடையாதே, பிரச்னை இல்லையேன்னு ஒரு வக்கீல் நண்பர் சொன்னார். ஜூரி இல்ல. சாட்சி உண்டே. முப்பது வருஷத்துக்கு முன்னாடி பார்த்ததை, மூணு தடவை காதுல கேட்ட கதையோட சேர்த்துக் குழைச்சுச் சொன்னா, எது கண்ணால பார்த்தது, எது காதுல வாங்கினதுன்னு அவருக்கே பிரிக்கத் தெரியாது. பொய் சொல்றார்னு சொல்லல. நிஜமாவே தெரியாது. அடையாள அணிவகுப்பும் அப்படித்தான். முகத்தை ஊருக்கெல்லாம் காட்டிட்டு அப்புறம் வரிசையில நிறுத்தி அடையாளம் காட்டச் சொன்னா எந்த ஜட்ஜும் தூக்கிப் போட்டுடுவார்.

பழைய ரைட்டர் | ஜூன் 21, காலை 6.50

ராத்திரி எழுதினதுல ஒண்ணு விட்டுப்போச்சு. சாட்சி முதல்ல பாட்காஸ்ட்ல பேசிட்டு அப்புறம் ஸ்டேஷனுக்கு வந்தா, அந்தப் பேச்சு முன்கூட்டிச் சொன்னது ஆயிடும். எதிர்த்தரப்பு அதைக் கோர்ட்ல ஓட விட்டு, "அன்னைக்குச் சிவப்பு ஜீப்னீங்க, இன்னைக்கு மெரூன்ங்கறீங்க"ன்னு ஆரம்பிப்பாங்க. டேப்பைச் சாட்சியமா ஏத்துக்கலாம்னு 1972-ல மல்கானி வழக்குலயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. நமக்குச் சாதகமா மட்டும்தான் ஓடணும்னு அதுல எழுதல.

பழைய ரைட்டர் | ஜூன் 25, மதியம் 1.15

"அப்ப பாட்காஸ்டே வேணாம்ங்கறீங்களா ஐயா?"ன்னு ஒரு அம்மா கேட்டிருக்காங்க. வேணாம்னு நான் எங்கேயும் சொல்லலையேம்மா. அது யாருக்குன்னு யோசிக்கறேன். கொன்னவனுக்கு இல்ல, அவன் கேட்டுட்டு இன்னும் ஜாக்கிரதையாயிடுவான். வாய மூடிக்கிட்டுப் போனவங்களுக்கு.

மலையில ஏன் வாய மூடுவாங்கன்னு கீழ இருக்கறவங்களுக்குப் புரியாது. ஒரு ஹட்டியில, அதான் படுகர் ஊர்ல, எல்லாரும் பங்காளி, மாமன் மச்சான். லயன்ல அஞ்சாவது வீட்டுல இருமினா முதல் வீட்டுல கேக்கும். சாட்சி சொன்னவன் மறுநாள் அதே பைப்படியில தண்ணி பிடிக்கணும். எஸ்டேட்ல கணக்குப்பிள்ளையை எதிர்த்துச் சொன்னா பேர் போட மாட்டான், வேலை கிடையாது. அதனால பார்த்தவன் பார்க்கலைன்னுதான் சொல்வான். அது துரோகம் இல்ல, பிழைப்பு.

ஆனா எஸ்டேட் மூடும். இலங்கையில இருந்து தாயகம் திரும்பினவங்க பிள்ளைங்கல்லாம் கூடலூர், கோத்தகிரியை விட்டுட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கோயமுத்தூருக்கும் இறங்கிட்டாங்க. கணக்குப்பிள்ளை செத்துட்டார். பயந்த மாமியார் செத்துட்டாங்க. கட்டிக்கிட்டவனே அடிச்சுத் துரத்திட்டான், இனி அவனுக்காக ஏன் மறைக்கணும்? ஒரு கேஸ் ஆறிப்போகப் போக தடயம் அழியும், அது எல்லாருக்கும் தெரியும். கூடவே பயமும் அழியும். பழைய கேஸ்ல நமக்கு இருக்கிற ஒரே லாபம் அதுதான். திருப்பூர்ல மிஷின் முன்னாடி உக்காந்து காதுல ஏதோ கேட்டுக்கிட்டே தைக்கிற ஒரு அம்மாவுக்கு, "அந்த ராத்திரி அந்த லயன்ல இருந்தவங்க யாராவது இருந்தா"ன்னு ஒரு குரல் போய்ச் சேரணும். இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு ஊரா ஆள் அனுப்பித் தேட முடியாது. பட்ஜெட் கிடையாது, ஆளும் கிடையாது.

பழைய ரைட்டர் | ஜூன் 25, மதியம் 1.40

சேர்த்துக்கோங்க: கேரளாவுல கோட்டயம் கன்னியாஸ்திரி கொலைக் கேஸ். 1992-ல நடந்தது, 2020 டிசம்பர்ல தண்டனை. முக்கியச் சாட்சி யாரு? அந்த ராத்திரி இடிதாங்கியில இருக்கிற செம்பைத் திருட மாடி ஏறின திருடன். அவன் அங்கே இருந்ததைச் சொன்னாலே தன் திருட்டை ஒத்துக்கணும், ஆனாலும் சொன்னான். 2022-ல ஹைகோர்ட் தண்டனையை நிறுத்திவச்சு ஜாமீன் கொடுத்துடுச்சு, அது வேற விஷயம். கொலை நடந்த இடத்துல கொலைகாரன் தவிர வேற வேலையா வந்தவன் ஒருத்தன் எப்பவும் இருப்பான். கள்ளச் சாராயம், சந்தன மரம், வேலி தாண்டின காதல். அவன்தான் நமக்கு வேணும். அவன் ஸ்டேஷன் படி ஏறுவானா?

பழைய ரைட்டர் | ஜூலை 2, இரவு 8.00

கோடநாடு எஸ்டேட் கொலை, கொள்ளை கேஸ் பத்தி இங்கே கேக்காதீங்க. 2022-ல இருந்து சிபிசிஐடி கையில, ஊட்டி கோர்ட்ல கேஸ் நிலுவையில இருக்கு. நான் வாயத் திறக்க மாட்டேன். வேற யாரும் திறக்க வேணாம். திருச்சி தொழிலதிபர் ராமஜெயம் கொலைக் கேஸ் கேக்கறவங்களுக்கு: 2012 மார்ச்ல நடந்தது, லோக்கல், சிபிசிஐடி, சிபிஐ, அப்புறம் தனிப்படை, 50 லட்சம் ரூபா சன்மானம்னு அறிவிச்சும் பார்த்தாங்க. விளம்பரம் குறைச்சல்னு அந்தக் கேஸ்ல யாரும் சொல்ல முடியாது. பேப்பர் படிக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச கேஸுக்குப் பாட்காஸ்ட் புதுசா ஒண்ணும் சேர்க்காது. யாருக்குமே தெரியாத கேஸுக்குத்தான் சேர்க்கும்.

பழைய ரைட்டர் | ஜூலை 6, காலை 10.10

யூடியூப் க்ரைம் சேனல் இருக்கே, அது போதாதான்னு ஒரு கேள்வி. அதுல ஒண்ணை என் சொந்தக்காரப் பையன் காட்டினான். நான் நேர்ல போன சம்பவம். இடி இடிக்குது, நாய் ஊளையிடுது, பின்னாடி வயலின். சம்பவம் நடந்தது பட்டப்பகல் பதினொரு மணி, நல்ல வெயில். செத்துப்போன பொண்ணைப் பத்தி அதுல பேசினதை அவங்க அம்மா கேட்டா என்ன ஆகும்னு ஒரு நிமிஷம்கூட யோசிக்கல.

யாருக்குப் போய்ச் சேரும்ங்கறதும் பாக்கணும். தோட்டத்துல கொழுந்து எடுக்கற அம்மாக்கள் பாட்காஸ்ட் ஆப் வச்சிருக்க மாட்டாங்க, பாதி இடத்துல டவரே கிடையாது. வாட்ஸ்அப்ல வர்ற ரெண்டு நிமிஷக் குரல் பதிவு கேப்பாங்க. ரேடியோ கேப்பாங்க. பழநி மலைப் பக்கம் கோடை பண்பலை 100.5 கேக்காத டீக்கடை உண்டா? ஊட்டி நிலையத்துல படுகப் பாட்டு போட்டா கிழவிங்க வேலையை நிறுத்திட்டு நிப்பாங்க. அந்தக் காலத்துல தூர்தர்ஷன்ல காணாமப் போனவங்க போட்டோவைக் காட்டி, உயரம் இவ்வளவு, மாநிறம், கடைசியா நீல நிறச் சட்டைன்னு சொல்வாங்களே. எங்க வீட்டுல சாப்பிடற கையை நிறுத்திட்டுப் பாப்போம். வயலினும் இல்ல ஒண்ணும் இல்ல.

பழைய ரைட்டர் | ஜூலை 6, காலை 10.25

இன்னொண்ணு, துப்புச் சொல்லக் கொடுக்கிற போன் நம்பரை யார் எடுக்கறாங்க? அமெரிக்காவுல 1976-லயே ஆல்புகர்க்கில பேர் சொல்லாம துப்புக் கொடுக்கிற ஏற்பாட்டைக் கொண்டு வந்துட்டாங்க. இங்கே ஸ்டேஷனுக்குப் போன் போட்டா பாரா டியூட்டியில இருக்கற பையன் எடுப்பான். அவன் மச்சினன் பேரைத்தான் நீங்க சொல்ல வர்றீங்கன்னு வைங்க. மாவட்டத்துக்கு வெளியே, ஒரு பெண் எஸ்ஐ எடுக்கற மாதிரி இருக்கணும். இதைச் செய்யாம பாட்காஸ்ட் போடறது வாசலைத் திறந்து வச்சுட்டு நாயை அவுத்து விடற மாதிரி.

பழைய ரைட்டர் | ஜூலை 13, இரவு 9.45

மழை. கரண்ட் இல்ல. பவர் பேங்க்ல எழுதறேன்.

இத்தனை நாள் கொலைக் கேஸையே பேசிட்டிருந்தோம். முதல்ல எடுக்க வேண்டியது அது இல்லையோன்னு இப்ப தோணுது. அடையாளம் தெரியாத பிணம். அதுல ஆரம்பிக்கலாம்.

ஒரு 174, அதான் சந்தேகச் சாவுக் கேஸ், சொல்றேன். தொண்ணூறுகளோட கடைசி, ஐப்பசி மழை. கோத்தகிரிக்குக் கீழே, தேயிலை முடிஞ்சு சோலை ஆரம்பிக்கற இடத்துல ஓடை. விறகுக்குப் போன பொம்பளைங்க பார்த்துட்டுக் கத்திட்டு ஓடி வந்தாங்க. நாங்க இறங்கறதுக்குள்ள கால் பூரா அட்டை. 50 வயசு மதிக்கத்தக்க ஆண். கையால பின்னின காவி நிற ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, வெள்ளை அரைக்கைச் சட்டை, நாலு முழ வேட்டி. வலது கணுக்கால்ல பழைய எலும்பு முறிவு. பாக்கெட்ல ஊறிப்போன பஸ் டிக்கெட், எழுத்து ஒண்ணும் தெரியல. காயம் இருந்துச்சு, ஆனா பாறையில விழுந்ததா, யாராவது அடிச்சதா, காட்டுப்பன்னி இழுத்ததான்னு டாக்டரால திட்டமாச் சொல்ல முடியல. உள்ளுறுப்பு கோயமுத்தூர் லேபுக்குப் போய் விஷம் இல்லைன்னு வந்துச்சு.

சட்டைக் காலர்ல டெய்லர் சீட்டு. துவைச்சுத் துவைச்சு, கடைசியில "லா டெய்லர்ஸ்"ங்கறது மட்டும் மிச்சம். என்னையும் ஒரு கான்ஸ்டபிளையும் அனுப்பினாங்க. மேட்டுப்பாளையம், காரமடை, சிறுமுகை. விமலா, நிர்மலா, கமலா, சுசீலா. தெருவுக்கு ஒரு லா. ஒவ்வொரு கடைக்காரரும் சட்டையைத் திருப்பித் தையலைப் பார்த்துட்டு, "இது நம்ம கை இல்லீங்க"ன்னார். ஒருத்தர் மட்டும் காஜாவை விரலால தடவிப் பார்த்துட்டு, இது மிஷின் காஜா இல்ல, கைக் காஜா, வயசான டெய்லர் தச்சிருக்கணும்னார். அதுக்கு மேல நகரல. பஞ்சாயத்துல புதைச்சாங்க. மேல் நடவடிக்கை கைவிடப்பட்டதுன்னு நானே எழுதி ஃபைலைக் கட்டினேன்.

இந்த மாதிரி ஒண்ணைப் பாட்காஸ்ட்ல சொன்னா யாருக்கு நஷ்டம்? பேர் கெட அக்யூஸ்ட் இல்ல. குழம்பிப்போக நேர்ச் சாட்சி இல்ல. வேணும்கறது ஒரே ஒரு பேர். அந்தப் பேர் கிடைச்சா, அவர் யாரோட மலை ஏறினார்ங்கறது தானா வரும். கொலைன்னா அப்பத்தான் கொலைக் கேஸே ஆரம்பிக்கும். கொலைக்குக் காலக்கெடு கிடையாது, முப்பது வருஷம் கழிச்சும் மேல் விசாரணை பண்ணலாம்.

பழைய ரைட்டர் | ஜூலை 14, காலை 8.20

டிஎன்ஏ எடுத்தா முடிஞ்சதேன்னு நாலு பேர். கலிபோர்னியாவுல அப்படித்தான் 2018-ல, வம்சாவளி தேடற வெப்சைட்ல சொந்தக்காரங்களை வச்சு ஒரு பழைய தொடர் கொலைகாரனைப் பிடிச்சாங்க, தெரியும். நமக்கு ஒப்பிட்டுப் பார்க்கத் தொகுப்பு எங்கே? டிஎன்ஏ மசோதாவை 2019-ல பார்லிமென்ட்ல வச்சு, 2023 ஜூலைல வாபஸ் வாங்கிட்டாங்க. யாராவது "எங்க அப்பாவா இருக்கலாம்"னு வந்தாத்தான் ஒப்பிட முடியும். அவங்களை வர வைக்கத்தான் குரல் வேணும்ங்கறேன்.

அப்புறம் மலை ஈரம். ரத்தம் பட்ட துணியை நிழல்ல உலர்த்தி, பேப்பர் கவர்ல போட்டு சீல் வைக்கணும். 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அந்த மாதிரி நாள்ல எங்கே உலர்த்தறது? ஈரத்தோட பிளாஸ்டிக் பையில கட்டி, கைப்பற்றின பொருளுக்கான ஃபாரம் 95 போட்டு கோர்ட்டுக்கு அனுப்பினா, பிரிக்கும்போது பச்சைப் பூஞ்சைதான் இருக்கும். தேயிலை மண்ணும் புளிப்பு மண், பிஹெச் 4.5, 5-ன்னு இருக்கும், எலும்பையே கரைச்சுடும். இதையெல்லாம் பாட்காஸ்ட் சரி பண்ணாது.

பழைய ரைட்டர் | ஜூலை 14, மாலை 5.05

அந்த ஓடைக் கேஸ்ல நான் ஒரு விஷயத்தை இங்கே எழுதல. சட்டையில இருந்தது. வேணும்னேதான் விட்டேன். தனிச் செய்தியில கேட்டு அனுப்பறதை நிறுத்துங்க, யாருக்கும் சொல்றதா இல்ல. அதைத் தானா சொல்றவங்கதான் அவர் வீட்டு ஆள். எல்லாத்தையும் கொட்டிட்டா, வர்றவங்க எல்லாரும் சொந்தக்காரங்கதான். போலீஸ் பாட்காஸ்ட்னா எதைச் சொல்றதுங்கறதை விட எதை விடறதுன்னு முடிவு பண்ணத்தான் அனுபவப்பட்ட ஆள் வேணும். கதை நல்லா சொல்ற பையன் அந்த விஷயத்தைத்தான் முதல் பாகத்துலயே வைப்பான், ஏன்னா கதைக்கு அதுதான் ருசி.

மஞ்சூர்க்காரர் "அப்ப நீங்களே ஒண்ணு ஆரம்பிங்க ஐயா"ங்கறார். பழக்கத்துல இருக்கற ஒரு இன்ஸ்பெக்டர்கிட்ட பேச்சுவாக்குல கேட்டேன். ஐடியா பிடிச்சிருக்கு. "யார் கையெழுத்துப் போடறது?"ன்னு கேட்டார். எஸ்பி ஆபீஸ்ல இருந்து உத்தரவு வந்தா தானே பேசறேன்னும் சொன்னார், குரல் நல்ல குரல்தான் அவருக்கு. நான் பேசினா எல்லாமே "மேற்படி"ன்னுதான் வரும்.

பழைய ரைட்டர் | ஆகஸ்ட் 3, இரவு 10.50

மூணு வாரமா எழுதல. காரணம் சொல்றேன், அவர் அனுமதியோட.

இந்த இழையைப் படிச்ச ஒருத்தர் தனியா எழுதினார். பெரியப்பா தொண்ணூறுகள்ல வீட்டுல சண்டை போட்டுட்டுப் போனவர் வரவே இல்ல. மேட்டுப்பாளையம் பக்கம். வயசு ஒத்து வருது. துணிமணி பத்தி என்ன ஞாபகம் இருக்கோ எல்லாத்தையும் எழுதுங்கன்னு மட்டும் கேட்டேன். சட்டையா, ஸ்வெட்டரான்னுகூடக் கேக்கல. அவர் தன் அப்பாகிட்ட, பாட்டிகிட்ட உக்காந்து கேட்டு நீளமா எழுதினார். வேட்டிதான், அரைக்கைச் சட்டைதான். நான் எதிர்பார்த்தது அதுல இல்ல. கால் முறிஞ்சதே கிடையாதுன்னு பாட்டி அடிச்சுச் சொல்றாங்க. உயரமும் ஒரு சாண் கூட. இவர் அவர் இல்ல. போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "சரிங்க ஐயா, பாட்டிகிட்ட எப்படிச் சொல்றது"ன்னார். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

ஆனா அவர் குடும்பம் இத்தனை வருஷத்துல எழுத்துல ஒரு புகாரே கொடுக்கலைங்கறது அப்பத்தான் தெரிஞ்சுது. அப்ப ஸ்டேஷன்ல வாய்மொழியா கேட்டுட்டு, "வந்துடுவார், போங்க"ன்னு அனுப்பிட்டாங்களாம். அதனால அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதறேன், இதே நிலையில வேற யாராவது இருப்பீங்க.

கடைசியா இருந்த இடத்து ஸ்டேஷன்ல இப்பவே எழுத்து மூலமா மனு கொடுங்க. லேட்டுன்னு யாராவது சொன்னா லேட்டுக்குக் காரணத்தையும் மனுவிலயே எழுதுங்க. எல்லை எங்களது இல்லைன்னு சொன்னா, எந்த ஸ்டேஷனும் எஃப்ஐஆர் பதிஞ்சு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பலாம்னு புதுச் சட்டம் 173-ல இருக்குன்னு மரியாதையாச் சொல்லுங்க. இருக்கிறதுலயே தெளிவான போட்டோ, பல்லு தெரியற மாதிரி சிரிச்ச போட்டோ இருந்தா அதுவும். மச்சம், தழும்பு, பச்சை, ஆபரேஷன், எலும்பு முறிவு, தச்ச டெய்லர் பேர். தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்ல பொதுமக்கள் சேவைப் பக்கத்துல அடையாளம் தெரியாத உடல்களைத் தேடற வசதி இருக்கு, மாவட்டத்தை மாத்தி மாத்திப் பாருங்க, சொந்த மாவட்டத்தோட நிறுத்தாதீங்க. பாட்டி உயிரோட இருக்கும்போதே டிஎன்ஏ மாதிரி எடுக்க முடியுமான்னு விசாரணை அதிகாரிகிட்ட கேளுங்க, பெத்தவங்க மாதிரிக்கு இணை கிடையாது. பாட்டி சொல்ற அடையாளம் எல்லாத்தையும் போன்ல அவங்க குரல்லயே பதிஞ்சு வச்சுக்கோங்க, நடுவுல நீங்க எடுத்துக் கொடுக்காம.

மனு கொடுத்ததும், புகாரைப் பதிஞ்சதுக்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காம வெளியே வராதீங்க. "ரைட்டர் இல்ல, நாளைக்கு வாங்க"ன்னு சொன்னா பெஞ்சுல உக்காருங்க. ரைட்டர் டீ குடிக்கத்தான் போயிருப்பார்.